கைதட்டலுக்குப் பழகிய உடம்பு

கேள்வி: 6 வயதிலிருந்து மேடையேறுகிறேன். மாறுவேடம், பள்ளி நாடகம், போட்டி என்று எதையும் விட்டதில்லை. இப்போது 18 வயது. நடிப்புப் பள்ளி ஒன்றின் தேர்வுக்குப் போனேன். பாதியில் நிறுத்தி, "நடித்துக் காட்டாதே, செய்" என்றார்கள். இடம் கிடைக்கவில்லை. இத்தனை வருடம் எல்லோரும் பாராட்டியது பொய்யா? பயிற்சிக்குப் போனால் இருக்கிற இயல்பும் போய்விடும் என்கிறார்களே?

பதில்: பொய்யில்லை, தம்பி. 12 வருட மேடை உங்களுக்கு நிறையவே தந்திருக்கும். கூச்சம் போயிருக்கும், வசனம் சட்டென்று மனதில் ஏறும், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கால் தானாகவே தேடிப் போய் நிற்கும். ஆனால் கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் கைதட்டல் வந்தது என்பதை உடம்பு மறப்பதில்லை. அடுத்த முறை அந்த இடம் வருவதற்கு முன்பே தயாராகிவிடும்.

எனக்கு அது இடது புருவம். 7 வயதில் ஒரு ராஜா வேஷத்தில் அதை மட்டும் தூக்கினேன், அரங்கமே சிரித்தது. அப்புறம் நான் போட்ட மந்திரி, கிழவர், திருடன் எல்லோருமே இடது புருவத்தைத் தூக்கினார்கள்.

19 வயதில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் ஆசிரியை என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ஊசியில் நூல் கோர்" என்றார். கையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. கண்ணைச் சுருக்கினேன், நாக்கைக் கடித்தேன், பெருமூச்சு விட்டேன், புருவம் ஏறி இறங்கியது. கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் மேசை இழுப்பறையிலிருந்து நிஜமான ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துத் தந்தார். நூலின் முனை பிரிந்திருந்தது. எச்சில் தொட்டு முறுக்கினேன். ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு முறை தவறியது, மூன்றாவது முறை நுழைந்தது. நிமிர்ந்து பார்த்தால் வகுப்பு அப்படியே அடங்கிப்போயிருந்தது. முகத்தில் நான் எதையுமே செய்யவில்லை, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்களிடம் "செய்" என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

இயல்பு போய்விடுமா என்றால், முதல் வருடம் போய்விட்டது போலத்தான் இருக்கும். எனக்கு ஏழெட்டு மாதம் மேடையில் நேராக நடக்கவே வரவில்லை. நீங்கள் அந்த மாதங்களில் பயந்து ஓடிவந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். பாரிஸில் ஜாக் லெகாக் என்ற நடிப்பு ஆசிரியர் 1956-இல் தொடங்கிய பள்ளியில், முதல் ஆண்டு மாணவர்களுக்கு எந்த உணர்ச்சியும் இல்லாத நடுநிலை முகமூடியை மாட்டிவிடுகிறார்கள். முகமும் கிடையாது, பேச்சும் கிடையாது. உடம்பு மட்டும்தான் மிச்சம். புருவத்தை நம்பி வாழ்ந்தவனுக்கு அது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். அமெரிக்க ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னரின் பயிற்சி வேறு மாதிரி. இருவர் எதிரெதிரே இருப்பார்கள். "உன் பொத்தான் கழன்றிருக்கிறது" என்று ஒருவர் கண்ணில் பட்டதைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்வார். திரும்பத் திரும்ப இதுவேதான். கொஞ்ச நேரத்தில், நாம் எப்படித் தெரிகிறோம் என்ற நினைப்பு கழன்று, கவனம் எதிரே இருப்பவரிடம் போய்விடும்.

சிறுவயதிலேயே தொடங்கியவர்களில் ரஷ்ய நடிகரும் இயக்குநருமான ஸ்டானிஸ்லாவ்ஸ்கியை எனக்கு அடிக்கடி நினைவு வரும். 1877-இல், 14 வயதில், வீட்டார் கட்டிய சிறிய அரங்கில் நடிக்கத் தொடங்கியவர். அப்போதே தன் நடிப்பைப் பற்றி நோட்டில் குறித்துவைத்தார். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கை நண்பரோடு சேர்ந்து தொடங்கி, பெரும்பெயரும் வாங்கிவிட்டார். 1906-இல் பின்லாந்தில் ஓய்வெடுக்கும்போதுதான், தான் ஆசையாசையாகச் செய்த வேடங்களில் உயிர் போய், வெறும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருப்பது அவருக்கு உறைத்தது. அப்போது வயது 43. அதற்கப்புறம் உட்கார்ந்து தேடிச் சேர்த்ததுதான், இன்று உலகமெங்கும் சொல்லிக்கொடுக்கும் அவருடைய முறை. உங்களுக்கு 18-லேயே ஒருவர் சொல்லிவிட்டார். கோபப்படாதீர்கள்.

அடுத்த தேர்வுக்குச் சில விஷயங்கள். பெரும்பாலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்கள் கேட்பார்கள். 60 வயதுக் கிழவரை எடுக்காதீர்கள், உங்கள் வயதுக்குப் பக்கத்தில் உள்ளவனை எடுங்கள். வசனத்தை ராகம் போடாமல், பட்டியல் வாசிப்பது போல மனப்பாடம் செய்யுங்கள். ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து மனப்பாடமாகிவிட்டால் பிரிக்கவே முடியாது. தேர்வாளர் திடீரென்று "இதையே பக்கத்து அறையில் ஒருவர் தூங்குவதாக நினைத்துப் பேசு" என்பார். உங்கள் முதல் முறை மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. சொன்னதை வாங்கிக்கொள்கிறீர்களா என்று பார்க்கிறார். அங்கேதான் பல நல்ல பிள்ளைகள் பழைய ராகத்தையே கொஞ்சம் மெதுவாகப் பாடிவிட்டு வருகிறார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நன்றாக நடிப்பான். இப்போது குரல் உடைகிறது, மேடையில் தடுமாறுகிறான். குரல் பயிற்சிக்கு அனுப்பலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், அம்மா. இந்த வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும், ஆண் பிள்ளைகளுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பழைய உச்சிக் குரலைப் பிடித்து இழுக்கச் சொல்லாதீர்கள். தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கைவைத்து மூச்சு விடட்டும். மெல்ல முனகினால் போதும். கத்தும் வேடம் வந்தால் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். நாடகம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், எத்தனை பேர் கைதட்டினார்கள் என்று அவனிடம் கேட்காதீர்கள். இன்றைக்கு உன்னோடு நடித்த பையன் புதிதாக என்ன செய்தான் என்று கேளுங்கள். முதல் சில தடவை அவனுக்குப் பதில் தெரியாது.