தொப்பியில் தெரிந்த ஒரு டெசிபல்

கேள்வி: வணக்கம் சார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கச்சேரி கேட்பதற்கென்று நல்ல ஹெட்போன் ஆம்ப் ஒன்று வாங்க ஆசை. பென்ச்மார்க் எச்பிஏ4, ஃபெலிக்ஸ் ஆடியோ யூஃபோரியா இரண்டும் மனதில் இருக்கின்றன. வால்வுதான் இனிமை என்கிறார் நண்பர். மகன் அடுத்த வருடம் வரும்போது ஆடீஸி எல்சிடி-எக்ஸ் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மகன் வாங்கி வரப்போகும் ஹெட்போன்தான் இதைத் தீர்மானிக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் எச்டி 650.

பென்ச்மார்க், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்திலிருந்து வரும் டிரான்சிஸ்டர் ஆம்ப். யூஃபோரியா போலந்தில் ஒரு குடும்பம் நடத்தும் நிறுவனத்தின் வால்வு ஆம்ப். டிரான்சிஸ்டருக்குப் பதில், சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள்தான் (வால்வுகள்) இதில் ஒலியைப் பெருக்கும். வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்விலிருந்து நேராக ஹெட்போனுக்கு. அந்தக் கடைசி வால்வு, 6என்13எஸ் என்னும் ரஷ்ய வகை, முதலில் பாட்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவிகளுக்காகப் பிறந்தது. உள்தடை குறைவு என்பதால் இந்த வேலைக்கும் பொருந்திவிட்டது.

எச்பிஏ4 பதினாறு ஓமுக்கு 6 வாட் தரும் என்று படித்திருப்பீர்கள். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். எச்டி 650க்கு ஒரு வோல்ட் கொடுத்தாலே 103 டெசிபல் வரும். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றாலும் இரண்டேகால் வோல்ட், 17 மில்லிவாட் போதும். சக்தியில் இரண்டுமே உங்களுக்கு மிச்சம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே வருகிறது? எச்டி 650க்கு 300 ஓம் என்று போட்டிருந்தாலும், 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கனத்த கீழ் ஒலிகளில், அதன் தடை 500 ஓம் வரை ஏறும். பென்ச்மார்க்கின் வெளியீட்டுத் தடை (ஹெட்போனுக்குப் போகும் வழியில் ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை) கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் இந்த ஏற்றம் அதை ஒன்றும் செய்யாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப் அப்படி இல்லை. அதன் வெளியீட்டுத் தடையை 100 ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கீழ்ப்பகுதி மட்டும் சுமார் 0.9 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். உங்கள் நண்பர் சொல்லும் இனிமையில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கருத்து.

இதை நான் கணக்கில் மட்டும் பார்க்கவில்லை. இதே வகையில் ஒரு வால்வு ஆம்ப் (யூஃபோரியா அல்ல) எட்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறது. ஒருமுறை நண்பர் தன் டிரான்சிஸ்டர் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாற்றி மாற்றிக் கேட்டோம். கேட்ட நான்கு பேருமே வால்வுக்குத்தான் கைதூக்கினோம். எனக்கு மனசு ஒப்பவில்லை. 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, ஹெட்போனை மாட்டியபடியே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டரில் 0.50 வோல்ட், வால்வில் 0.59. கிட்டத்தட்ட ஒன்றரை டெசிபல் சத்தம் கூடுதல்! இந்த அளவுக்குக் கூடினால் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்ளாது, தெளிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் 0.50க்குக் கொண்டுவந்துவிட்டு, ஆம்ப் இரண்டையும் துணியால் மூடச் சொல்லி மறுபடி உட்கார்ந்தேன். தம்பூராவில் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. வயலினிலும் முடியவில்லை. மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கம்) கும்கி, அதாவது கையை அழுத்தி எழுப்பும் கனத்த நாதம், விழும்போது மட்டும் பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். வால்வில் அந்தக் கும்கி கொஞ்சம் பருத்து, ஒரு நொடி கூட நின்று அடங்குவதுபோல் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது. மிருதங்கம் வாசிக்கும் என் தம்பிக்கோ அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "தொப்பிக்கு ரவை ஜாஸ்தி போட்ட மாதிரி இருக்குண்ணா" என்றான். நாதம் கனக்கத் தொப்பியில் அப்பும் ரவைப் பசையைச் சொல்கிறான்.

நீங்கள் ராத்திரியில், சத்தம் குறைத்துக் கேட்பவர். அங்கே பென்ச்மார்க் ஒரு படி மேலே. வழக்கமான சுழல் வால்யூமை அடியில் வைத்தால் இடதும் வலதும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எச்பிஏ4 ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்சுகள்) வைத்து அரை அரை டெசிபலாக 256 படிகளில் வால்யூமை மாற்றுகிறது. குமிழைத் திருப்பும்போது உள்ளே டிக் டிக் என்று கேட்கும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

வால்வு வாங்கினால் சூடும் கூடவே வரும். 6என்13எஸ் இழை ஒவ்வொன்றும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு அவை, இரண்டு 6எஸ்என்7, ஆக இழைகளுக்கு மட்டுமே 39 வாட். கோவைக் குளிருக்குப் பரவாயில்லை, சித்திரையில் மேஜைமேல் தெரியும். பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்றால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். போட்ட உடனே ஹெட்போனைச் செருகாமல் ஒரு நிமிடம் பொறுப்பது என் பழக்கம். இன்னொன்று, இரண்டிலுமே டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி) கிடையாது; அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

இனி மகன் விஷயம். எல்சிடி-எக்ஸ் வெறும் 20 ஓம். 100 ஓம் வெளியீட்டுத் தடைக்கு எதிரே அதை வைத்தால், வால்வு தரும் வோல்ட்டில் ஆறில் ஒரு பங்குதான் ஹெட்போனுக்குப் போய்ச் சேரும். பிளேனார் வகை (மெல்லிய தட்டைப் படலம் அதிரும் ஹெட்போன்) என்பதால் அதன் தடை எங்கும் ஏறி இறங்காது, தொப்பியும் பருக்காது, ஆனால் கரண்ட் போதாமல் மூச்சு வாங்கும். பென்ச்மார்க்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எச்டி 650 ஒன்றே கடைசிவரை போதும் என்றால், யூஃபோரியாவை வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். எல்சிடி-எக்ஸும் வரப்போகிறது என்றால் பென்ச்மார்க்தான். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் மகனுக்கு ஒரு போன் போட்டு, வாங்கி வருவது உறுதிதானா என்று கேட்டுவிடுங்கள்.