கேளுங்கள் நூலகரை: போட்டியும் பரிசும் இல்லாத கதை நேரம்

(கிளை நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் குழந்தைகளும் நூலகமும்.)

என் மகனுக்கு 4 வயது. நூலகத்துக்குக் கூட்டிப்போனால் ஓடுகிறான், சத்தமாகப் பேசுகிறான். பேப்பர் படிக்கும் பெரியவர்கள் முறைக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பிறகு கூட்டிப்போகலாமா அம்மா?
— பி.எஸ்., மதுரை

வளரும்வரை காத்திருக்க வேண்டாம், உட்காரும் இடத்தை மாற்றுங்கள். பேப்பர் படிப்பவருக்கும் அமைதி வேண்டும், அவரைக் குறை சொல்ல மாட்டேன். மதுரையில் இருந்துகொண்டு இந்தக் கவலை உங்களுக்கு எதற்கு? புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறந்தார்களே, அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே கொஞ்சம் சத்தம் வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிகழ்ச்சி எதுவும் இருக்கிறதா என்று போகும்போதே கேட்டுவிடுங்கள்.

சென்னைக்குப் போகும்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தையும் காட்டுங்கள். உள்ளே பெரிய செயற்கை மரம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் முதலில் மரத்தடிக்கு ஓடுவார்கள், புத்தகம் அப்புறம்தான். 2010-இல் திறந்த அந்தக் கட்டடத்தை அடுத்த வருடமே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் தப்பியது. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டும்தான், அதற்கு அவர்கள் படிக்கிற இடம்தானா கிடைத்தது என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரமாக வந்தது. சரி, அது பழைய கதை.

முதல் நாள் 20 நிமிடம் போதும். சிணுங்க ஆரம்பிக்கும் முன்பே கிளம்பிவிடுங்கள். அதற்கு முன் ஒரு புத்தகத்தை அவனே எடுக்கட்டும். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் விட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் நூலக வார விழா ஓவியப் போட்டியில் என் 9 வயது மகள் கலந்துகொண்டாள். பரிசு கிடைக்கவில்லை. அதிலிருந்து நூலகம் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். எப்படிச் சமாதானப்படுத்துவது?
— ஆர்.கே., திண்டுக்கல்

அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த ஒரு வாரம் ஓவியம், பேச்சு, கட்டுரை என்று போட்டியாக நடக்கும். 60 பிள்ளைகள் வந்தால் 3 பேர் கோப்பையோடு போவார்கள். மற்ற 57 பேருக்கும் நூலகம் என்றால் தோற்ற இடம். போட்டி முடிந்ததும் அந்த 3 பேராவது புத்தகம் எடுத்துப் போகிறார்களா என்று பாருங்கள். போட்டோ எடுத்ததும் வீட்டுக்குத்தான். போட்டி நடத்துவது எளிது, பத்திரிகையில் படமும் வரும். அதனால்தான் அதை யாரும் விடுவதில்லை.

எனக்குப் பிடித்தது சாதாரணக் கதை நேரம். ஒரு ஜமுக்காளம், மூன்று படப் புத்தகம், வாரம் தவறாமல் ஒரே கிழமை, ஒரே நேரம். கிழமையை மாற்றிக்கொண்டே இருந்தால் கூட்டம் கலைந்துவிடும். புத்தகத்தை நம் பக்கம் பிடித்துப் படிக்கக் கூடாது. பக்கவாட்டில், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் மட்டத்துக்குப் படம் தெரியப் பிடிக்க வேண்டும். கை வலிக்கும், பழகிவிடும். நீளமான கதை முதலில், அப்போதுதான் பொறுமை இருக்கும். நடுவில் கைதட்டிப் பாட ஒரு பாட்டு. கடைசியில் ரொம்பச் சின்னக் கதை. போன வாரக் கதையையே மறுபடி கேட்டால் மறுபடி சொல்ல வேண்டியதுதான், அதில் சலித்துக்கொண்டால் இந்த வேலைக்கு வரக் கூடாது. "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்ட நொடியில் ஜமுக்காளம் வகுப்பறை ஆகிவிடும். கதை முடிந்ததும் அன்று படித்த புத்தகங்களையும், அதே போல இன்னும் சிலவற்றையும் ஜமுக்காளத்திலேயே பரப்பி வைத்தால் பிள்ளைகளே எடுத்துக்கொண்டு பதிவு செய்ய வரிசையில் நிற்பார்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு யோசனை. நூலகரிடம் பேசி, 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை படித்துக் காட்ட அவளை அழைக்கச் சொல்லுங்கள். அழைப்பு நூலகரிடமிருந்து வர வேண்டும், உங்களிடமிருந்து வரக் கூடாது. வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது திருத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

எங்கள் கிராமத்து ஊர்ப்புற நூலகத்தில் நாளிதழும் போட்டித் தேர்வுப் புத்தகங்களும்தான். குழந்தைகள் நிகழ்ச்சிக்கெல்லாம் பணம் ஏது?
— எம்.வி., திருவாரூர் மாவட்டம்

பணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-லேயே சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. ஆகவே கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ஆனால் தனியாகக் கேட்காதீர்கள். நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேருங்கள், இல்லையென்றால் நூலகரிடம் சொல்லித் தொடங்குங்கள். ஊரில் வசதியுள்ளவர்கள் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம். கதை நேரத்துக்கு ஜமுக்காளமும் ஒரு மணி நேரமும்தான் தேவை. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களில் ஒருவரையே கதை படிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் மூச்சு விட ஒரு சாக்கு வேண்டும்.

உங்கள் மாவட்டத்து மன்னார்குடி பக்கம் மேலவாசலில் 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வண்டி நூலகத்தை உருவாக்கியவர் கனகசபைப் பிள்ளை, தொடங்கி வைத்தவர் இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அன்றைக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்களின் ஊர்க்காரர் நீங்கள், ஒரு பையில் 20 புத்தகம் எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போய்வரலாமே.

பேரன் காமிக்ஸ் மட்டும்தான் எடுக்கிறான். நீதிக் கதைகள், தலைவர்கள் வரலாறு எதையும் தொடுவதில்லை. கண்டிக்கலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

வேண்டாம் ஐயா. வண்டி நூலகத்தைத் தொடங்கி வைத்த ரங்கநாதன், நூலகங்களுக்கான தம் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே 1931-இல்தான். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல்' என்பது அதில் ஒன்று. வாசகரின் தாத்தாவுக்குப் பிடித்த நூல் என்று அதில் இல்லை. தலைவர்கள் வரலாற்றை நீங்கள் எடுத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். அவன் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

குழந்தைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள். தமிழ்க் கதை நேரத்தில் உட்கார்ந்தால் புரிகிறது, தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஓடுகிறார்கள்.
— எல்.ஜி., கோயம்புத்தூர்

காதில் தமிழ் இருக்கிறது, கண்ணுக்குத்தான் பழகவில்லை. பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி உள்ள புத்தகத்தில் தொடங்குங்கள். வயதைப் பார்த்துப் புத்தகம் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அரசுப் பள்ளிகளுக்காக 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் பிரித்தவை. கிடைத்தால் 'நுழை'யில் ஆரம்பியுங்கள், 10 வயதானாலும் அவமானம் இல்லை. துளிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்களில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

மகளுக்குப் பார்வை இல்லை. படம் காட்டிக் கதை சொல்லும் இடத்தில் அவள் என்ன செய்வாள்?
— ஒரு தாய், தாம்பரம்

நியாயமான கேள்வி. அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத் தளத்தில் பிரெயில் பகுதி இருக்கிறது. அங்கேயே தொடங்குங்கள். கதை நேரத்துக்கும் அழைத்துப் போங்கள், ஆனால் கதை சொல்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கதையில் தேங்காய் வந்தால் தேங்காயைக் கையில் கொடுக்கலாம், மழை வந்தால் பிளாஸ்டிக் டப்பாவில் அரிசியைப் போட்டுக் குலுக்கலாம். நான் பார்த்தவரை, டப்பாவுக்கு மற்ற பிள்ளைகளும் போட்டிக்கு வருவார்கள். இரண்டு டப்பாவாக எடுத்துப் போங்கள்.

கதை நேரத்தில் பெற்றோரும் உட்கார வேண்டுமா? அந்த நேரத்தில் வெளியே போய் போன் பார்க்கலாமா?
— கே.டி., ஈரோடு

கூட உட்காருவதுதான் நல்லது. முடியாத அலுப்பு என்றால் போங்கள், ஆனால் கதை முடிவதற்குள் திரும்பிவிடுங்கள். இன்று ராத்திரி அதே கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும், நடுவில் ஒரு வரி விட்டாலும் பிடித்துவிடுவார்கள்.