40,000 ரூபாய் கட்டி மெடிக்கல் கோடிங் படிக்கலாமா?

கேள்வி: பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். மெடிக்கல் பில்லிங் துறையில் சேர ஆசை. ‘வேலை உறுதி’ என்று சொல்லி ஒரு பயிற்சி மையம் மெடிக்கல் கோடிங் கற்றுத்தர 40,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். வேலையை உறுதி செய்ய வேண்டியது வேலை தருகிற கம்பெனிதான்.

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் மெடிக்கல் பில்லிங், அதாவது சிகிச்சைக்கான பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் வேலை, பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக நடக்கிறது. அதில் கோடிங் ஒரு பிரிவு. டாக்டரின் குறிப்பைப் படித்து நோய்க்கு ஐசிடி-10, சிகிச்சைக்கு சிபிடி என்ற குறியீட்டுப் பட்டியல்களிலிருந்து எண் போட வேண்டும். சிக்கல் இல்லாத டைப் 2 சர்க்கரை நோய்க்கு இ11.9, சர்க்கரை எகிறியிருப்பதாக டாக்டர் குறித்திருந்தால் இ11.65. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நாமாக மாற்றிவிடக் கூடாது. உங்கள் படிப்புக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

இன்னொன்று ஏ.ஆர். காலிங். பணம் வராத கிளெய்முக்காக (இன்சூரன்ஸுக்கு அனுப்பிய பில்) அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனியை போனில் பிடிப்பது. நைட் ஷிஃப்ட்தான். ஆனால் ஃப்ரெஷர்களை எடுத்து, சம்பளம் கொடுத்தே பயிற்சி தரும் கம்பெனிகள் உண்டு. ஆங்கிலம் தடுமாறாமல் பேசுவீர்கள் என்றால் இதில் நுழையுங்கள் என்பேன். பில்லிங் முழுக்க எப்படி ஓடுகிறது என்பது இங்கேதான் புரியும்.

ஒரு கிளெய்ம் சிஓ-29 என்ற மறுப்புக் குறியீட்டோடு திரும்பி வருகிறது என்று வையுங்கள். கெடு தாண்டி அனுப்பினீர்கள் என்று அர்த்தம். அமெரிக்க அரசு முக்கியமாக முதியோருக்கு நடத்தும் இன்சூரன்ஸான மெடிகேருக்கு அந்தக் கெடு சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு. புதியவர் ‘சரி, போச்சு’ என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அனுபவசாலி இன்சூரன்ஸ் கம்பெனியிடம், “உங்கள் கைக்கு எந்தத் தேதியில் வந்தது?” என்று கேட்பார். அப்புறம், கிளெய்மை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிவைக்கும் இடைநிலை நிறுவனமான கிளியரிங்ஹவுஸின் ரிப்போர்ட்டைத் திறப்பார். கெடுவுக்குள்ளேயே அந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டதாக அதில் இருந்தால், அதை இணைத்து அப்பீல் போடுவார். வராது என்று விட்ட பணம் வந்து சேரும். இந்தத் துருவிப் பார்க்கும் குணத்துக்குத்தான் இங்கே மதிப்பு.

இன்டர்வியூவில் ரிஜெக்‌ஷனுக்கும் டினையலுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். கிளெய்மில் பிழை என்று பரிசீலனைக்கே எடுக்காமல் திருப்பினால் ரிஜெக்‌ஷன். பரிசீலித்துப் பணம் மறுத்தால் டினையல்.

கோடிங்தான் வேண்டும் என்றால் சிபிசி என்ற கோடிங் சான்றிதழ் தேர்வு இருக்கிறது: 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் எடுக்க வேண்டும். அனுபவம் இல்லாமல் தேறினால் ‘சிபிசி-ஏ’, அதாவது பயிலுநர் என்றுதான் தருவார்கள். அதனால் முதலில் வேலையில் சேருங்கள். தேர்வுக் கட்டணத்தை உங்கள் சம்பளத்திலிருந்தே கட்டலாம்.