அப்பா குணமான பிறகு ஏன் முடி கொட்டுது?

கேள்வி: எனக்கு 31 வயசு. ஜனவரில அப்பாவுக்கு திடீர்னு பைபாஸ் பண்ணாங்க, பதினஞ்சு நாள் நான்தான் ஆஸ்பத்திரில கூட இருந்தேன், தூக்கமே இல்ல, அப்பல்லாம் ஒரு முடி கூட கொட்டல. இப்ப அப்பா வாக்கிங் போறார், மனசு நிம்மதியா இருக்கு, ஆனா ஏப்ரல்லருந்து தலைக்கு குளிச்சா பாத்ரூம் ஜல்லடையே அடைக்குது. டாக்டர் "ஸ்ட்ரெஸ்தாம்மா"ன்னு அனுப்பிட்டார், மாமியார் போர் தண்ணிங்கறாங்க. பீரியட்ஸ் எப்பவும் போல ஏழெட்டு நாள், வேற பிரச்சனை இல்ல. முடிக்காக பயோட்டின்ங்கற வைட்டமின் மாத்திரை சாப்பிடறேன். வழுக்கை ஆயிடுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: நீங்க எழுதினத வச்சு பாத்தா வழுக்கை ஆகற மாதிரி தெரியலம்மா. நம்ம தலையில பத்துல ஒம்போது பங்கு முடி வளர்ந்துட்டே இருக்கும், மீதி ஓய்வுல இருக்கும், டெங்கு, பிரசவம், பெரிய அதிர்ச்சின்னு ஏதாவது வந்தா வளர்ற முடி கொத்தா ஓய்வுக்கு போயிடும், ஆனா உடனே விழாது, ரெண்டு மூணு மாசம் அப்படியே உக்காந்திருந்துட்டு அப்புறம்தான் கொட்டும். இதுக்கு டெலோஜென் எஃப்ளூவியம்னு பேரு. ஜனவரிக்கு ஏப்ரல், கணக்கு சரியா வருதா?

கொட்டின முடி ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பாருங்க. ஒரு நுனில வெள்ளையா குட்டி உருண்டை இருந்தா அது ஓய்வு முடிஞ்சு விழுந்த முடி, வேரோட வந்துடுச்சேன்னு பயப்படாதீங்க, வேர்க்கால் உள்ளயேதான் இருக்கு. மாமியார் சொல்ற போர் தண்ணி மாதிரி உப்புத் தண்ணில முடி சொரசொரன்னு ஆகி நடுவுல ஒடியும், அதுல இந்த உருண்டை இருக்காது.

ஆனா ஸ்ட்ரெஸ்னு சொல்லி இதோட விட்டுட எனக்கு மனசு வரல. ஏழெட்டு நாள் பீரியட்ஸ "வேற பிரச்சனை இல்ல"ன்னு ஒரே வரில தாண்டிட்டீங்களே! ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்த வேண்டியிருக்கா, கட்டி கட்டியா போகுதா? நம்ம பொண்ணுங்க வருஷக்கணக்கா இத சகஜம்னே நெனச்சுக்கறாங்க, உள்ள இரும்புச்சத்து சேமிப்பு காலியாயிட்டே இருக்கும், அதுவும் முடி கொட்ட ஒரு காரணமா இருக்கலாம், ஹீமோகுளோபின் 12னு நார்மலா இருந்தாலும் அந்த சேமிப்ப காட்டற ஃபெரிட்டின் தரை தட்டி நிக்கலாம். அதனால சிபிசி (ரத்த அணுக்கள் டெஸ்ட்), ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச் (தைராய்டு டெஸ்ட்) மூணும் எடுங்க. ரத்தம் குடுக்க ரெண்டு நாள் முன்னாடியே பயோட்டின நிறுத்திடுங்க, அது தைராய்டு ரிசல்ட்ட தப்பா காட்ட வைக்கும், பயோட்டின் ரத்த டெஸ்ட்ட குழப்பும்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சிருக்கு. ஃபெரிட்டின் கொறஞ்சிருந்தா இரும்பு மாத்திரையோட பீரியட்ஸுக்கும் மகப்பேறு டாக்டர பாருங்க, ஓட்டைய அடைக்காம தொட்டில தண்ணி ஊத்தி என்ன பண்றது? மாத்திரை போட்ட கையோட காபி, டீ வேணாம்.

வகிடு மட்டும் அகலமாயிட்டே போனாலோ, காசு மாதிரி வட்டமா சொட்டை விழுந்தாலோ அது வேற விஷயம், தோல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டணும்.

அதிர்ச்சியால வந்தது பொதுவா ஆறு மாசத்துக்குள்ள அடங்கிடும். கொட்டுதேன்னு பயந்து தலைக்கு குளிக்காம மட்டும் இருக்காதீங்க, நாலு நாள் விழ வேண்டியது ஒரே நாள்ல விழும், அத பாத்து இன்னும் பயந்துடுவீங்க.