அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனும் பதவிக்கு ஆசைப்பட்டவர்தான் என்று தெரிந்தபோது ஏமாந்தது போல இருந்தது. உங்களுக்கும் அப்படி இருந்ததா?

இருந்தது தம்பி. (தங்கச்சியாக இருந்தால் மன்னிக்கவும்.) போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது எங்கேயோ கண்ணில் பட்டிருக்கும், சரியா?

எனக்கு வலித்த இடம் வேறு. ஒன்பதாம் வகுப்பில், பாளையங்கோட்டையில், ‘வாய்மை’ என்று பேச்சுப் போட்டி. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன சின்னப்பையன் வாஷிங்டன் கதையைத் தொண்டை கிழியப் பேசினேன். அந்தக் கதையே வீம்ஸ் என்கிற பாதிரியார் கட்டிவிட்டது, வாஷிங்டன் இறந்த பிறகு 1806-ல் புத்தகத்தில் சேர்த்தது என்று இருபது வருஷம் கழித்துத்தான் படித்தேன். வாய்மைக்கு நான் சொன்ன உதாரணமே பொய்!

அந்த ஆத்திரத்தில் தேடித் தேடிப் படித்தேன். இளவயதில் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரியாக அலையாய் அலைந்திருக்கிறார், கிடைக்கவில்லை. 1758-ல் வர்ஜீனியா சட்டசபைத் தேர்தலில் அவர் செலவில் ஊற்றிய ரம், ஒயின், பீர் எல்லாம் சேர்த்து சுமார் 160 காலன், அதாவது கிட்டத்தட்ட 600 லிட்டர். நம்ம ஊர் இடைத்தேர்தல் பிச்சை வாங்க வேண்டும். 1763-ல் மேற்கே யாரும் குடியேறக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசர் தடை போட்ட பிறகும், 1767-ல் கிராஃபோர்டு என்கிற நில அளவைக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார்: நல்ல நிலமாகப் பார்த்து வை, வேட்டைக்குப் போகிற மாதிரி போ, வெளியே தெரிய வேண்டாம் என்று. 1775-ல் பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கக் குடியேற்றங்கள் கூட்டிய மாநாட்டுக்கு ராணுவ உடுப்போடு வந்து உட்கார்ந்ததும் இவர்தான். சுதந்திரப் போர் முடிந்து 1783-ல் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் இவரேதான், அதை நான் மறைக்கவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் வைத்திருந்த அடிமைகள் விஷயத்தை ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் கொட்டினேன். அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் தூர்ந்து கிடந்தபோது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் தூர்வார வைத்தவர். பஞ்சாயத்துத் தலைவராகத்தான் இத்தனை பாடு என்று ஊரே பேசியது. வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏல, எனக்கும் அந்த ஆசை இருந்துதுல்லா. அதுக்குன்னு கடைமடைக்குத் தண்ணி வராமலா போச்சு?" என்றார். பதில் வரவில்லை எனக்கு. தேர்தலில் அவர் தோற்றது தனிக்கதை.

அந்தப் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு, எவர்சில்வர் சோப்பு டப்பா. முதல் பரிசு நடுவரின் அக்கா மகனுக்கு. அவன் பாதியில் மறந்துபோய் முழித்துக்கொண்டு நின்றதை மொத்தப் பள்ளிக்கூடமும் பார்த்தது. டப்பா இன்னும் வீட்டில் இருக்கிறது, மூடியைத்தான் காணோம்.