அட்டை இருந்தும் தேடலில் பெயர் வரவில்லை என்றால்

வணக்கம். வாக்காளர் அட்டை இருந்தும் வாக்காளர் பட்டியலின் இணையத் தேடலில் தாயாரின் பெயர் வராததற்கு ஆதார் எண்ணை இணைக்காததுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதார் கட்டாயமில்லை என்று தேர்தல் ஆணையமே 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்திருப்பதால் அந்த அச்சம் வேண்டாம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தேடல் தவறக்கூடும் என்பதால் அட்டை எண்ணைக் கொண்டு தேடுங்கள். அதிலும் இல்லையென்றால் பாகப் பட்டியலை, அதாவது வாக்காளர் பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிக்குரிய பகுதியை, பதிவிறக்கி வரிவரியாகப் பாருங்கள். உண்மையிலேயே நீக்கப்பட்டிருந்தால் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐத் தாமதிக்காமல் அளியுங்கள், ஏனெனில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்கச் சட்டம் இடம் தராது. குடிபெயர்ந்துவிட்டார் என்று கூறி ஒருவரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 22ஆம் பிரிவு. எனவே நீக்கியதற்கான காரணத்தை வாக்காளர் பதிவு அலுவலரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள், அது உங்கள் தாயாரின் உரிமை.