முகத்தில் ஐரோப்பிய நிழல் இருந்தால் காஜார் ஓவியம் போலியா?

கேள்வி: புத்தகப் பக்க அளவில், காகிதத்தில் தீட்டிய அரசவைப் பெண் படம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பின்புறம் பாரசீக எழுத்து. ஈரானை ஆண்ட காஜார் வம்சத்து மன்னர் ஃபத் அலி ஷா காலம், 1810 என்கிறார் விற்பவர். முகத்தில் ஐரோப்பிய பாணியில் ஒளியும் நிழலும் இருப்பதால் போலி என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: நண்பர் சொல்லும் காரணம் தவறு. ஐரோப்பிய நிழல் ஈரானிய ஓவியத்துக்குள் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஃபத் அலி ஷா (1797–1834) அவையில் மிர்சா பாபா, மிஹ்ர் அலி போன்றவர்கள் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தால் ஆளுயரப் படங்கள் வரைந்தார்கள். முகத்தில் மென்மையான நிழல் இருக்கும், ஆனால் முத்தும் மணியும் பதித்த அங்கி தட்டையாகவே கிடக்கும், முகமும் ஒரே அச்சில் வார்த்த அழகு முகம்தான். இன்னார் என்று அடையாளம் சொல்லும்படியான முகங்கள் பெருகியது பிறகு, 1840களில் இத்தாலி போய்ப் படித்துவந்த அபுல் ஹசன் கஃபாரியும் கேமராவும் வந்த காலத்தில். உங்கள் படத்து முகம் போட்டோ மாதிரி இருந்தால் இடிப்பது 1810 என்ற தேதிதான்.

சரி, நிழலை விடுங்கள், எனக்குப் பயம் அந்தக் காகிதம். பழைய கையெழுத்துப் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு தாளிலும் புதுப்படம் தீட்டி விற்பது இந்தத் தொழிலில் வெகுகாலமாக நடக்கிறது. காகிதம் உண்மையிலேயே பழசு என்பதால் பரிசோதனைச் சான்றிதழையும் தைரியமாகக் காட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். பாரசீகம் தெரிந்த ஒருவரிடம் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சட்டப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் அரசவைப் பெண்ணுக்கு என்ன வேலை? படம் இருக்கும் பக்கத்திலும் எழுத்து இருந்தால், லென்ஸ் வைத்து, வண்ணம் அந்த எழுத்தின்மேல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முரக்கா எனும் தொகுப்பேடுகளில் ஒரு பக்கம் ஓவியம், மறுபக்கம் அதோடு சம்பந்தமே இல்லாத அழகெழுத்து இருப்பது வழக்கம். ஆனால் அங்கே எழுத்து தனித் தாளில் எழுதி ஒட்டப்பட்டு, சுற்றிலும் கோட்டுச் சட்டம் போட்டிருக்கும், பெரும்பாலும் சில வரிக் கவிதை. புத்தகத்தின் உரைநடை பக்கம் நிறைய ஓடினால் அது முரக்கா இல்லை. தரகர்கள் இந்தப் பெயரைச் சொல்லித்தான் தப்பிக்கிறார்கள்.

அருங்காட்சியகங்கள் பொதுவாகத் தனியார் படத்துக்கு மதிப்போ உத்தரவாதமோ எழுதித் தருவதில்லை, ஏலப் பட்டியலோ 'காஜார்', 'காஜார் பாணி' என்ற ஒரு சொல் வித்தியாசத்தில் பொறுப்பைக் கழற்றிக்கொள்கிறது, நடுவில் மாட்டுவது வாங்குகிறவர். அதனால் பில்லில் 'ஈரான், 1810 வாக்கில்' என்றும், தவறென்று தெரிந்தால் முழுப்பணமும் திருப்பப்படும் என்றும் எழுதிக் கேளுங்கள், ஈரானிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதற்கான தாள்களோடு. தயங்கினால் வாங்காதீர்கள்.